பொய் மௌத்தும் மெய் மௌத்தும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...



அண்மையில் ஒரு வலீமா விருந்துக்குச் சென்றிருந்தேன். சஹனைச் சுற்றி அமர்ந்திருந்த எங்களுக்குள் பேச்சு கொரோனாக் காலத்தின் பக்கம் திரும்பியது. எங்களில் ஒருவர், ஊரடங்கின்போது சென்னைக்கும் ஊருக்கும் தாம் போய்வந்த கதையைச் சுவைபடச் சொன்னார். முதல் முறை பெரியம்மாவை மௌத்தாக்கி இ-பாஸ் எடுத்தாராம். இரண்டாம் முறை அதே பெரியம்மாவுக்கு நெஞ்சுவலி. மூன்றாம் முறை, ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான மச்சானுக்கு நிக்காஹ். "பெரியம்மா இன்னைக்கும் நல்லாத்தான் இருக்காங்க, போன வாரம்கூட எனக்கு வட்டலப்பம் செஞ்சு கொடுத்தாங்க" என்று அவர் முடித்தபோது சஹனைச் சுற்றியிருந்த அனைவரும் சிரித்தனர். நானும் புன்னகைத்தேன்.

அந்தப் புன்னகை அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. சிரித்திருக்கக் கூடாத ஒருவன் நான். ஏன் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். இவ்வளவு காலம் கழித்து இது எதற்கு என்று கேட்பீர்கள். செய்த பாவத்துக்கு வெட்கப்பட்டவர் தவ்பா செய்துகொள்வார். அதை விருந்தில் கதையாகச் சொல்பவர், அடுத்த வாய்ப்புக்குத் தம் பிள்ளைகளைப் பழக்குகிறார். அந்தச் சஹனில் பத்து வயதுச் சிறுவன் ஒருவனும் இருந்தான். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் அவன்தான்.

நான் சொல்லாத பெயர்

2020 ஜூன் மாதம். சென்னையில் தொற்று கடுமையாகப் பரவியிருந்த நேரம். 19ஆம் தேதி முதல் சென்னையிலும், அதனை அடுத்த செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் பல பகுதிகளிலும் மீண்டும் முழு ஊரடங்கு அறிவிக்கப்பட்டிருந்தது. இங்கிருந்து தென்மாவட்டங்களுக்குச் செல்ல இ-பாஸ் வேண்டும். மருத்துவ அவசரம், நெருங்கிய உறவினரின் மரணம், திருமணம் ஆகிய காரணங்களுக்கே அது கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் ஆவணம் காட்ட வேண்டும்.

என் உம்மா இராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர் ஒன்றில் காக்காவின் வீட்டில் இருந்தார்கள். ஒரு நாள் மாலை காக்கா அழைத்தார்: "தம்பி, உம்மா பேச்சு குறைஞ்சுபோச்சு. உன் பேரைத்தான் ரெண்டு தடவை சொன்னாங்க." அன்றிரவே விண்ணப்பித்தேன். மருத்துவமனையின் சான்று இல்லையென்று நிராகரிக்கப்பட்டது. உம்மா மருத்துவமனையில் இல்லை. முதியவர்களை அங்கே கொண்டு செல்லவே அஞ்சிய நாட்கள் அவை. வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரோ கிளினிக்கை மூடியிருந்தார். அவரிடம் கெஞ்சி ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கி, அதைப் படமெடுத்து மீண்டும் விண்ணப்பித்தேன். அதுவும் நிராகரிக்கப்பட்டது.

நண்பர் ஒருவர் ஓர் இடைத்தரகரின் எண்ணைக் கொடுத்தார். அவர் தயக்கமின்றிச் சொன்னார்: "மௌத்துன்னு போட்டுடலாம் பாய். சர்ட்டிஃபிகேட்டும் நானே ரெடி பண்ணிடுறேன். உம்மா பேரை மட்டும் சொல்லுங்க."

என் நாவு எழவில்லை. அதைத் தக்வா என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன். மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் உம்மாவின் பெயரை மௌத்தானவரின் பெயராகச் சொல்ல உடல் நடுங்கியது, அவ்வளவே. அழைப்பைத் துண்டித்தேன். மறுநாள் ஃபஜ்ருக்கு முன் காக்கா அழைத்தார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். முந்தின நாள் சொல்லாத அதே பெயரை, அதே காரணத்தோடு, இப்போது உண்மையாக எழுதினேன். முற்பகலுக்குள் அனுமதி வந்துவிட்டது.

சாலையில் நடந்தது

செங்கல்பட்டைத் தாண்டி ஒரு சோதனைச் சாவடி. எனக்கு முன்னால் ஒரு வேன் நின்றது. நம் சமுதாயத்துக் குடும்பம். அவர்களிடமும் மரணத்துக்கான இ-பாஸ்தான் இருந்தது. ஆனால் உள்ளே பிள்ளைகள் ஜரிகை உடையில் இருந்தார்கள். பெண்களின் கைகளில் மருதாணி சிவந்திருந்தது. பின்னிருக்கையில் சீர்த்தட்டுகள் அடுக்கப்பட்டிருந்தன. காவலர் ஒரு பார்வையில் புரிந்துகொண்டார். சற்று நேரம் இரைந்துவிட்டு வேனைத் திருப்பி அனுப்பினார். அதே சினத்தோடு என்னிடம் வந்தார்.

"நீங்களும் சாவுக்குத்தானா பாய்?"

அந்த "நீங்களும்" என்ற சொல்லை நான் இன்றுவரை மறக்கவில்லை. இ-பாஸைப் பார்த்தார், நம்பவில்லை. காக்காவுக்குத் தொலைபேசியில் பேசினார், நம்பவில்லை. "பாடி போட்டோ இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. வந்து சேர முடியுமோ முடியாதோ என்று, எனக்காக மட்டும் காக்கா அனுப்பியிருந்த படம். அந்நிய ஆடவர் முன் முகம் காட்டாமல் வாழ்ந்து முடித்த என் உம்மாவின் முகத்தை, கஃபனிட்ட நிலையில், நெடுஞ்சாலையில் வைத்து ஓர் அந்நியருக்குக் காட்டினேன். அவர் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். "போங்க பாய்" என்று மட்டும் சொன்னார்.

அவரை நான் குறை கூறவில்லை. மௌத்து என்று சொல்பவரை நம்பக் கூடாது என்று அவருக்குக் கற்றுக் கொடுத்தது எனக்கு முன்னால் நின்ற வேன். அதற்கு முன் எத்தனை வேன்கள் கற்றுக் கொடுத்திருந்தனவோ, அல்லாஹ்வே அறிவான்.

அஸருக்குப் பின் உம்மாவை அடக்கிவிட்டார்கள். நல்லடக்கத்தை விரைவுபடுத்துவதே சுன்னத். ஜமாஅத்தார் எனக்காகக் காத்திருக்காதது சரியே. நான் இரவு போய்ச் சேர்ந்தேன். வீட்டு மாடி அறையில் பதினான்கு நாள் தனிமை. அதன் பிறகே கபரைக் கண்டேன்.

அந்தப் பொய்யின் விலையைச் செலுத்தியவர் யார்?

பொய்க் காரணம் எழுதியவர்கள் தாம் அரசை ஏமாற்றியதாக நினைக்கிறார்கள். அரசுக்கு அதனால் என்ன இழப்பு? ஒரு மரணத்தைப் பத்துப் பேர் பொய்யாக எழுதினால், பதினோராவதாக உண்மை எழுதுபவரிடம் கூடுதலாக ஓர் ஆவணம் கேட்கப்படும். ஆவணம் காட்ட யாரால் முடியும்? பணமும் பழக்கமும் உள்ளவரால் முடியும். பொய்ச்சான்று வாங்கத் தெரிந்தவரால் இன்னும் எளிதாக முடியும். மருத்துவமனைக்கே போகாமல் வீட்டில் கிடக்கும் ஏழை உம்மாவின் பிள்ளையால் முடியாது.

இது கற்பனை வாதமன்று. 2021 மே மாதம் இரண்டாம் அலையின்போது தமிழக அரசு இ-பாஸுக்குப் பதிலாக இ-பதிவு முறையைக் கொண்டுவந்தது. அனுமதிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை; காரணத்தைப் பதிந்துவிட்டுப் புறப்படலாம். மக்களின் சொல்லை நம்பி ஏற்படுத்தப்பட்ட ஏற்பாடு அது. என்ன நடந்தது? பலரும் திருமணத்தைக் காரணம் காட்டிப் பதிந்ததால், அந்தப் பிரிவே இணையதளத்திலிருந்து நீக்கப்பட்டது. பின்னர் கூடுதல் நிபந்தனைகளோடு மீண்டும் சேர்க்கப்பட்டது. இடைப்பட்ட நேரத்தில் உண்மையாகவே நிக்காஹ் வைத்திருந்த வீட்டார் என்ன பாடுபட்டிருப்பார்கள்? அவர்களின் அவசரத்தைத் திருடியது அரசன்று. பொய்யாகப் பதிந்த சக குடிமக்கள். அவர்களில் நம்மவரும் இருந்தனர் என்பதை மறுக்க என்னால் இயலாது.

சொல்லப்படும் சமாதானங்கள்

"அரசே அநியாயம் செய்தது, அதனிடம் உண்மை பேச வேண்டுமா?" என்பது முதல் சமாதானம். அநியாயம் நடந்தது உண்மைதான். 2020 மார்ச் 24 அன்று இரவு எட்டு மணிக்கு அறிவித்து, நள்ளிரவு முதல் ஒரு நாட்டையே பூட்டினார்கள். கூலித் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கான மைல்கள் நடந்தார்கள். மே 8 அன்று ஔரங்காபாத் அருகே தண்டவாளத்தில் அயர்ந்து உறங்கிய பதினாறு பேர் சரக்கு ரயிலில் அடிபட்டு மாண்டார்கள். உண்மை சொன்ன எனக்கு இரண்டு முறை மறுத்துவிட்டு, தரகரின் பொய்க்குக் கதவைத் திறந்து வைத்திருந்த முறையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் விருந்தில் கதை சொன்ன சகோதரர் அந்த அநியாயத்தை எதிர்த்துப் பொய் சொல்லவில்லை. எதிர்க்க வேண்டியிருந்தால் மனு எழுதியிருக்கலாம், வழக்குத் தொடுத்திருக்கலாம். அவர் பெருநாளை ஊரில் கொண்டாட விரும்பினார், அவ்வளவே.

"அந்தக் கட்டுப்பாடே வீண்; அரசே 2020 செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள் இ-பாஸை நீக்கிவிட்டதே" என்பது இரண்டாவது. நீக்கிய பிறகு போனவரை யார் கேட்டார்கள்? இங்கே கேள்வி கட்டுப்பாட்டின் பயன் பற்றியதன்று. "நான் தரும் தகவல்கள் உண்மையானவை" என்று உறுதிகூறி ஒரு முஸ்லிம் பொய்யைப் பதியலாமா என்பது பற்றியது. பெரும்பாவங்களை எண்ணிச் சொல்லிவந்த நபி (ஸல்) அவர்கள், பொய்ச் சாட்சியத்தைச் சொல்லும்போது சாய்ந்திருந்த நிலையிலிருந்து எழுந்து அமர்ந்து, தோழர்கள் இனி நிறுத்தமாட்டார்களா என்று எண்ணும் அளவுக்குத் திரும்பத் திரும்ப எச்சரித்த செய்தி புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் உள்ளது. பொய்க்குச் சலுகை உள்ள இடங்களாக ஹதீஸில் வருபவை போர், பிணங்கியோரிடையே சமாதானம், கணவன்-மனைவி நல்லிணக்கம். பெருநாள் பயணம் அந்தப் பட்டியலில் எங்கே இருக்கிறது?

"நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதையும் ஆகுமாக்கும் அல்லவா?" என்பது மூன்றாவது. ஆகுமாக்கும். ஆனால் நிர்ப்பந்தம் அதன் அளவைக் கொண்டே அளக்கப்படும் என்ற விதியையும் ஃபிக்ஹு அறிஞர்கள் கூடவே வைத்திருக்கிறார்கள். செத்ததைப் புசிக்க அனுமதித்த இறைவசனமும், விருப்பத்தோடும் வரம்பு மீறியும் உண்பவருக்கு அந்த அனுமதியைத் தரவில்லை. உம்மாவின் இறுதி மூச்சுக்குள் போய்ச்சேரத் துடித்து, வேறு வழியின்றிப் பொய் எழுதிய ஒரு மகன் மீது நான் கல்லெறிய மாட்டேன். அவருடைய கணக்கு அவருடைய ரப்பிடம். அந்த வரியை எழுதியிருந்தால் என் உம்மாவை உயிரோடு பார்த்திருப்பேனே என்று நானும் பல இரவுகளில் புழுங்கியிருக்கிறேன். இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். என் வழக்கு அவரோடு இல்லை. நிக்காஹ் விருந்துக்கும், நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கும், வீட்டுக்குள் அடைந்து கிடந்து அலுத்துப்போனதற்கும் மௌத்து என்று எழுதியவரோடு. உண்மையான நிர்ப்பந்தத்தில் இருந்தவர்களின் வழியை அடைத்தவர் அவர்தான்.

"எல்லாம் தக்தீர், நோய் வர வேண்டுமானால் வந்தே தீரும்" என்பது நான்காவது. இதற்கான பதில் ஹிஜ்ரி 18ஆம் ஆண்டிலேயே சொல்லப்பட்டுவிட்டது.

அபூ உபைதாவுக்கு வந்த கடிதம்

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிப் புறப்பட்டு, ஸர்ஃக் என்னும் இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகத் தகவல் கிடைத்தது. ஆலோசனைக்குப் பிறகு திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா வெருண்டோடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) கேட்டார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின் பக்கமே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதிலளித்தார்கள். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் நுழையவும் வேண்டாம், அங்கே இருப்பவர் அதற்கு வெருண்டு வெளியேறவும் வேண்டாம் என்ற நபிமொழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வந்து அறிவித்தபோது, உமர் (ரலி) அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள்.

இந்த நிகழ்வு நமக்குத் தெரியும். ஊரடங்குக் காலத்தில் வாட்ஸ்அப்பில் இதைப் பகிராதவர் இல்லை. இதற்குப் பின் நடந்ததை நாம் அதிகம் பேசுவதில்லை. அபூ உபைதா (ரலி) நோய் பரவிய பகுதியில் தம் படையோடு இருந்தார்கள். அவர்களைக் காப்பாற்ற விரும்பிய உமர் (ரலி), தமக்கு அவர்களிடம் ஓர் அவசியத் தேவை இருப்பதால் உடனே புறப்பட்டு வருமாறு கடிதம் எழுதியதாக வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. கடிதத்தின் உள்நோக்கத்தை அபூ உபைதா (ரலி) உணர்ந்துகொண்டார்கள். தம்மோடுள்ள வீரர்களை விட்டுவிட்டுத் தாம் மட்டும் வர விரும்பவில்லை என்று பணிவோடு மன்னிப்புக் கோரிப் பதில் எழுதினார்கள். அம்வாஸ் கொள்ளைநோயிலேயே வஃபாத்தானார்கள்.

எண்ணிப் பாருங்கள். கலீஃபாவே தந்த அனுமதிச் சீட்டு அது. அவசரம் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. யாரும் வழிமறித்திருக்க மாட்டார்கள். மற்றவர்களுக்கு இல்லாத வழி தமக்கு மட்டும் திறந்திருப்பதை அந்த ஸஹாபி சலுகையாகக் கருதவில்லை. நாமோ நமக்கு மட்டும் ஒரு வழி திறப்பதற்காக உயிருள்ள உறவினரைக் கொன்று எழுதினோம். பிறகு அதைச் சாமர்த்தியம் என்றோம்.

குற்றம் பயணியுடையது மட்டுமன்று

பொய் எழுதியவரை அந்த இடத்துக்குத் தள்ளியவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் நாம்தான். "பெத்தவளுக்கு ஒரு பெருநாளைக்குக்கூட வரலையா?" என்று தொலைபேசியில் அழும் உம்மாமார், "முகம் காட்டாத சம்பந்தி என்ன சம்பந்தி?" என்று கேட்கும் பெரியவர்கள், மூன்றாம் நாளுக்கு வராதவரை ஆண்டுக்கணக்கில் குத்திக்காட்டும் லாத்தாமார் ஆகிய அனைவரும் அந்தப் பொய்யில் பங்காளிகள். நம் வீட்டு விசேஷத்துக்கு வராமலிருப்பது மன்னிக்க முடியாத குற்றம் என்றும், வருவதற்காகச் சொல்லும் பொய் மன்னிக்கத் தக்கது என்றும் ஒரு தலைகீழ் ஷரீஅத்தை நாம் வீட்டுக்குள் நடத்தி வருகிறோம்.

உறவைப் பேணுவது கடமை. அந்தக் கடமையை எட்டிநின்றும் நிறைவேற்ற மார்க்கம் வழி வைத்திருக்கிறது. அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷி இறந்தபோது நபி (ஸல்) அவர்கள் மதீனாவிலிருந்தே ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் காயிப் ஜனாஸாவுக்கு இடமுண்டு. ஹனஃபி மத்ஹபினருக்கு அது இல்லையெனினும் துஆவுக்கும் சதக்காவுக்கும் தடையில்லை. ஆகவே வர இயலாத பிள்ளையிடம் "வராதே வாப்பா, அங்கிருந்தே துஆ செய்" என்று முதலில் சொல்ல வேண்டியவர்கள் வீட்டுப் பெரியவர்கள். அந்த ஒரு சொல் பல பொய்களைத் தடுத்திருக்கும்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மஹல்லாவின் கடிதத்தாள் அமானிதம். தெரிந்தவர், வேண்டியவர் என்பதற்காக நடவாத நிக்காஹுக்கும் நிகழாத மௌத்துக்கும் அதில் எழுதிக் கொடுப்பவர், பொய்ச் சாட்சியத்தில் பள்ளிவாசலின் பெயரையே சேர்த்துவிடுகிறார்.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. 2020 ஏப்ரலில் நோயைப் பரப்பியவர்கள் என்று ஒரு சமுதாயமே பழிக்கப்பட்டது. தில்லி மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டினர் பலிகடாக்களாக்கப்பட்டனர் என்று மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு அவ்வாண்டு ஆகஸ்டில் கூறி வழக்குகளை ரத்து செய்தது. அதற்கிடையில், சொந்தப் பிள்ளைகளே நெருங்க அஞ்சிய உடல்களை, எம்மதத்தவர் என்று பாராமல், நம் இளைஞர்கள் கவச உடை அணிந்து அடக்கம் செய்தார்கள், தகனத்துக்கு எடுத்துச் சென்றார்கள். இழந்த நம்பிக்கையை அவர்கள் இப்படி ஒவ்வோர் உடலாகச் சுமந்து மீட்டார்கள். அதே நாட்களில் சீர்த்தட்டோடு மௌத்துப் பாஸில் போன ஒரு வேன் அந்த நம்பிக்கையைச் சாலையிலேயே போட்டு உடைத்தது.

இனி ஒரு பெருந்தொற்று வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அவசரம் என்ற சொல்லும் ஊரடங்கோடு முடிந்துவிடவில்லை. இல்லாத நோயைச் சொல்லி விடுப்பு எடுக்கிறோம், இல்லாத மரணத்தைச் சொல்லி ரயிலில் அவசர ஒதுக்கீட்டுக்குக் கடிதம் வாங்குகிறோம். ஒவ்வொரு முறையும் உண்மையான அவசரத்தோடு நிற்கும் முகம் தெரியாத ஒருவரின் இடத்தில்தான் நாம் உட்காருகிறோம்.

அந்த விருந்தில் நான் புன்னகைத்ததற்கு அல்லாஹ்விடம் மன்னிப்புக் கோருகிறேன். அடுத்த முறை இத்தகைய கதையை எவரேனும் தொடங்கினால், சிரிக்காதீர்கள். "அந்த நேரத்தில் உண்மையாகவே உம்மாவைப் பறிகொடுத்தவர் உங்கள் வண்டிக்குப் பின்னால் நின்றிருப்பாரே" என்று மட்டும் மென்மையாகக் கேளுங்கள். பக்கத்தில் சிறுவர்கள் இருந்தால் அவர்கள் காதில் விழும்படி கேளுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் நாவுகளையும் நாங்கள் கையொப்பமிடும் காகிதங்களையும் பொய்யிலிருந்து பாதுகாப்பாயாக! அந்தக் கொடுநோயில் மறைந்தவர்களையும், பெற்றோரின் முகம் காணாமல் தவித்த பிள்ளைகளையும் உன் ரஹ்மத்தால் சூழ்ந்துகொள்வாயாக! எங்கள் பெற்றோரின் கபர்களை ஒளிமயமாக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.